முழங்கால் உயர அலமாரி

வர்க்கி பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர். இந்த மழையில் குன்னூரில் எந்த வீட்டில் வர்க்கியைக் கடித்தாலும் ஈரத் துணியைக் கடித்தது போலிருக்கும். எங்கள் வீட்டில் அப்படி இருக்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கிறீர்கள். உங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கிற எட்மண்ட் அங்கிள், நீங்கள் வைக்கும் ஞாபகப் பரீட்சை எல்லாவற்றிலும் தேறிவிடுகிறார் என்றீர்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு எப்போது மாத்திரை என்பதைக்கூட அவர்தான் நர்சுக்கு எடுத்துச் சொல்கிறாராம். ஆனாலும் தனக்கு மறதி நோய் என்று அடித்துச் சொல்கிறார், அதற்குச் சாட்சியாக ஒரு குட்டி அலமாரியைச் சொல்கிறார் என்றீர்கள். அந்த அலமாரி என்னிடம்தான் இருக்கிறது. நான் மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

மேல் குன்னூரில் எனக்குப் பழைய சாமான் கடை. சலாஹுதீன் பாய் என்றால் யாரும் வழி காட்டுவார்கள். பங்களாக்களைக் காலி செய்யும்போது நாற்காலி மேசைகளோடு சில குட்டிச் சாமான்களும் வரும். சாண் உயர நாற்காலி, தலையணை அளவு கட்டில், முழங்கால் உயர அலமாரி. பார்க்கிறவர்கள் எல்லோரும் பொம்மை என்பார்கள். நான் அவசரப்பட மாட்டேன். பொம்மை என்றால் இழுப்பறைக்குப் பூட்டு எதற்கு? தச்சு பழகியவன் தன் ஆசாரிக்குச் செய்து காட்டிய பரீட்சை வேலையாக இருக்கலாம். சீமாட்டி யாராவது ஊசி நூல் போட்டு வைத்ததாக இருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வகை. மெட்ராஸ் கம்பெனி ஏஜெண்டு பெரிய பீரோவை மாட்டு வண்டியில் மலையேற்றிக் காட்ட முடியாதல்லவா, அதனால் சிறிதாக ஒன்றைச் செய்து எஸ்டேட் எஸ்டேட்டாகக் கொண்டுபோயிருப்பார். துரைமார்கள் அதைப் பார்த்துப் பெரியதற்கு ஆர்டர் கொடுத்திருப்பார்கள்.

ஒரு சாமானைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, இது இன்னதற்கு என்று சொல்வதில் எனக்கு ஒரு பெயர் உண்டாகிவிட்டது. மஞ்சூரிலிருந்தும் தேவர்சோலையிலிருந்தும் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார்கள். என் மனைவி ரசியாவுக்கு மட்டும் இதில் மரியாதை இல்லை. "ஏனுங்க, ஊரார் சாமானுக்கெல்லாம் இது எதுக்கு, அது எதுக்குன்னு சொல்றீங்க. இந்த ஊட்டுல நீங்க எதுக்குன்னு ஒரு நாளைக்குச் சொல்லுங்க பாப்போம்" என்பாள்.

அந்த அலமாரி எட்மண்ட் அங்கிள் வீட்டிலிருந்து வந்ததுதான். அவருடைய பின்கட்டுக் கூரை ஒழுகியபோது, அங்கே கிடந்ததையெல்லாம் பார்க்காமலே வண்டியில் ஏற்றிவிடச் சொன்னார். அடியில் இது இருந்தது. தேக்கு, இரண்டு கதவு, பித்தளைக் கைப்பிடி. எதற்கு என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது.

ஏஜெண்டு கொண்டுவந்த மாதிரி அலமாரி என்று தீர்மானித்தேன். எங்கள் ஊர்ப் பழமைச் சங்கத்தில் அதைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். மே மாதக் கோடை விழாக் கண்காட்சியில் நடு மேசையில் என் பெயரோடு வைப்பதாகச் செயலாளர் சந்துரு சொன்னார். என் வாப்பா அதே கடையில் ஆயுசு முழுக்க நாற்காலிக்குப் பிரம்பு பின்னினார், யாரும் அவரை எதற்கும் மேடையேற்றியதில்லை. அதனால் எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

கண்காட்சிக்குக் கொஞ்ச நாள் முன்னால் சந்துரு கடைக்கு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து எட்மண்ட் அங்கிள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அலமாரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏய் பாய், இது எங்க ஊட்டு வர்க்கி அலமாரி மேன். மம்மி இதுலதான் வர்க்கி வைப்பாங்க. முதுகுல ஒரு ஓட்டை இருக்கும் பாரு. அதுல ஒயரை உட்டு உள்ள ஒரு குண்டு பல்பு எரியும். மழைக்காலம் பூரா மொறுமொறுன்னு இருக்கும்."

சந்துரு என்னைப் பார்த்தார். "அப்ப உங்க மெட்ராஸ் ஏஜெண்டு வர்க்கி வியாபாரந்தான் பண்ணாருங்களா, பாய்?"

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த மலையில் பூசணம் பிடிக்காமலிருக்க எல்லா வீட்டுத் துணி அலமாரியிலும் பல்பு எரிகிறது. என் வீட்டிலும் எரிகிறது. அப்படியிருந்தும் அந்த ஓட்டையை முதலில் பார்த்தபோது, ஏஜெண்டு கயிறு கோத்துத் தோளில் மாட்டிய ஓட்டை என்றுதான் எனக்குத் தோன்றியது. உள்ளே மேல்பலகையில் சூட்டில் கறுத்த வட்டம் ஒன்றும் இருந்தது. அதை நான் அழுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அலமாரி சுவரை ஒட்டி, தலையில் பீங்கான் சாமான்களோடு இருந்தது. இப்போது நகர்த்த முடியாது, நாளைக்கு வாருங்கள் என்று இருவரிடமும் சொன்னேன். அன்று கடையைச் சீக்கிரம் சாத்தினேன். தேக்குத் தூளைப் பசையில் குழைத்து ஓட்டையை அடைத்தேன். உப்புத்தாள் போட்டு அந்தக் கறுப்பு வட்டத்தை எடுத்தேன். பழுது பார்ப்பது என் தொழில்தானே.

வீட்டுக்கு வந்து ரசியாவிடம் அங்கிள் சொன்னதை மட்டும் சொன்னேன். "மொதல்ல ஏஜெண்டு கொண்டாந்திருக்கட்டும், அப்பறம் அந்தம்மா வர்க்கி வச்சிருக்கட்டும். ரெண்டும் இருக்கப்படாதுங்களா?" என்றாள். இருக்கலாம்தான். ஆனால் அதற்குள் பசை காயத் தொடங்கியிருந்தது.

மறுநாள் அலமாரியைத் திருப்பி வைத்தேன். எட்மண்ட் அங்கிள் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். சரியாக அந்த இடத்தைத்தான் தடவினார். நான் அவரைப் பொய்யர் என்று சொல்லவே இல்லை. நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "வயசானா இப்படி ஆகறதுதானுங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னேன். சந்துரு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவர் தினமும் வந்து தடவிப் பார்த்தார். கண்காட்சியில் வந்தும் தடவினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அவருக்கு ஒரு நிம்மதி கிடைக்கட்டுமே என்று சிறு சிறு உதவிகள் செய்தேன். அவர் குடையை மூலையில் சாய்த்தால், எடுத்து மேசைக்கடியில் வைப்பேன். புதிதாக ஒரு கதை ஆரம்பித்தால், "இதை நேத்தே சொன்னீங்களே" என்பேன். பேக்கரிக்குக் கிளம்பினால், "இப்பத்தானே ரொட்டி வாங்கிட்டுப் போனீங்க" என்பேன். அவர் நின்று, யோசித்து, வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பிப் போவார்.

மெல்பர்னில் இருக்கிற அவர் தங்கை மகன் டெனின் எனக்குப் போன் செய்தான். "மாமா ஏதோ ஓட்டை ஓட்டைன்னே பேசறாரு. நெஜமாவே ஒண்ணும் இல்லீங்களா பாய்?" என்று கேட்டான். நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியின் முதுகைப் படம் எடுத்து அனுப்பினேன். படம் பொய் சொல்லாது. உங்கள் இல்லத்தில் இடம் பார்த்தது அவன்தான்.

கிளம்புகிற அன்று எட்மண்ட் அங்கிள் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். பிறந்ததிலிருந்து அதே வீடு. "நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது மேன். தேங்க்ஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கோயம்புத்தூரில் மின்விசிறிக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று நான்தான் கவலைப்பட்டேன். வேறு யாரும் கேட்கவில்லை.

கண்காட்சியா? நன்றாக நடந்தது. எங்கள் மேசைக்குப் பக்கத்தில் கத்தரிக்காயால் ஒரு யானை செய்து வைத்திருந்தார்கள். கூட்டம் அங்கேதான் நின்றது. ஒரு பெண் மட்டும் என் அலமாரியைப் பார்த்து, "அய், பொம்மை பீரோ" என்றாள்.

ஜூன் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வர்க்கி நமுத்துப் போனது. ரசியா அலமாரியைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், "எட்மண்ட் அங்கிள் சொன்ன மாதிரியே ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க" என்றாள். மறுத்தால் ஏன் என்று கேட்பாள். துளைக்கருவியை வைத்தேன். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. உதிர்ந்த பசைத் தூளை ரசியா விரலால் தொட்டுப் பார்த்தாள். "தெரிஞ்ச எடத்துல போட்ட மாதிரியே போடறீங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அதோ, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறதல்லவா? நீங்கள் தின்கிற வர்க்கி அதிலிருந்து எடுத்ததுதான். அங்கிள் சொன்னது சரி, மொறுமொறுப்புக் குறையவே இல்லை.

உங்களோடு வந்து அவரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை, டாக்டர். இப்போது அவரே இல்லத்தில் எல்லோருக்கும் மெட்ராஸ் ஏஜெண்டு கதையைச் சொல்கிறார் என்றீர்களே. அவ்வளவு அழகாகச் சொல்கிறவரைப் போய் ஏன் குழப்ப வேண்டும்? நீங்கள் பிடிவாதமாக இருந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அலமாரியில் ஓட்டை இருக்கிறது, அதைப் போட்டவன் சலாஹுதீன் என்று சொல்லுங்கள். அவரிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை.