கணக்கு டீச்சரின் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்கும் எனக்கும் எந்தப் பகையும் கிடையாது. அதை ஆன் செய்யத் தெரியும், ஆஃப் செய்யத் தெரியும். அதற்கு மேல் எனக்கு ஆசை இருந்ததில்லை.

என் மனைவி கணக்கு டீச்சர். எனக்குப் பின்னால் அவளும் ஓய்வு பெற்றாள். இனி இருவரும் ஊர்க்கதை பேசிப் பொழுதைக் கழிப்போம் என்று நான் காத்திருக்க, அவளோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டாள். உலகத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவளிடம்தான் பின்னம் படித்தார்கள் என்றால் அது கொஞ்சம்தான் மிகை. நான் இருமினால்கூட, "உஷ், மைக் ஆன்ல இருக்கு" என்பாள். சொந்த வீட்டில் திருடன்போல அடிமேல் அடி வைத்து நடந்தேன்.

ஒருநாள் கம்ப்யூட்டர் நின்றுபோனது. சத்தியமாகத் தானாகத்தான் நின்றது. "என்னங்க, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு ஒரு யுகம் ஆகியிருந்தது. மெக்கானிக் வந்து, பெட்டியின் மூடியைக் கழற்றி, விரல் நீளப் பச்சைப் பலகை ஒன்றைப் பிடுங்கினான். அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினான். திரைக்கு உயிர் வந்தது. "இந்த ராம் கார்டு லூசா இருந்துச்சு சார், அவ்ளோதான்."

நகக்கண் அளவு தளர்ந்தால் போதும், திரை இருண்டுவிடும். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவன் அவன். பாவத்தில் அவனுக்கும் பங்கு உண்டு.

அதன்பிறகு அது அடிக்கடி நின்றது. நானே டாக்டர். பிளக்கை ஆட்டுவேன், ஒயரை முகர்வேன், பெட்டியில் காது வைத்து நெஞ்சொலி கேட்பேன். அவள் என் தோளை உரசிக்கொண்டு டார்ச் பிடிப்பாள். எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அவ்வளவு நெருக்கம் இல்லை.

"என்னாலதான் கெட்டுப்போகுதா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"நீ தட்டுற வேகம் அப்படிம்மா" என்றேன். பேச்சுக்குச் சொன்னதுதான். அதிலிருந்து அவள் கீபோர்டை முட்டையைத் தொடுவதுபோல் தொட்டாள்.

பிறகு ஒரு பெரிய நிறுவனம், மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக்காட்டும்படி அவளிடம் சொன்னது. தேறினால் நாள் முழுக்க வேலை. குளித்து, தலைவாரி, இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்தாள். திரை இருட்டு.

"போன்ல எடுத்துடட்டுமா?"

"இதோ, ஒரு நிமிஷம்மா" என்றேன். அந்த ஒரு நிமிஷத்தை வகுப்பு நேரம் முடியும்வரை இழுத்தேன். அதற்குத் திறமை வேண்டும்.

அவள் அழவில்லை. "என் கை பட்டாலே எல்லாம் பாழாப்போகுதுங்க. எனக்கு இது வேண்டாம்" என்றாள். "விடும்மா, எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். இப்படி ஆறுதல் சொல்லும் கணவன் எத்தனை பேருக்கு வாய்ப்பான்?

இப்போது நாள் முழுக்க என் பக்கத்திலேயே இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை, நிம்மதி போலிருக்கிறது. நேற்று மெல்ல, "ஒரு தையல் மிஷின் வாங்கிக்கட்டுமா?" என்றாள். தாராளமாக வாங்கு என்றேன். அவள் ஆசைக்கு நான் என்றைக்காவது குறுக்கே நின்றிருக்கிறேனா? எந்தத் திருகு தளர்ந்தால் மிஷின் நின்றுபோகும் என்று மட்டும், நல்லதுக்குத்தான், கடைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.