தடம் காயும்வரை

மண் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, கார்ப்பரல். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம். சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். உதிர்ந்துபோனால் ஓட்டலாம். கார்னெட் கிரீக்கில் மலைச் சைக்கிள் வைத்திருக்கும் எல்லாருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். சிலர் கேட்டுக்கொண்டார்கள்.

என்னை உங்களுக்குத் தெரியும். போன கோடையில் உங்கள் மகனுடைய சைக்கிளில் பிரேக் சரியில்லை என்று மலையடிவாரத்திலேயே திருப்பி அனுப்பினேனே, அந்த மெரில் ஹாகன். மரம் அறுக்கும் ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன். என் காலத்தில் அங்கே ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. சைக்கிள் தடச் சங்கத்திலும் எனக்கு அதே பொறுப்புதான். சனிக்கிழமைகளில் மண்வெட்டியோடு மலையேறும் தொண்டர்கள் கையுறை போட்டிருக்கிறார்களா, ஹெல்மெட் வாரைக் கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். சம்பளமில்லாத வேலை. நன்றியும் இல்லாத வேலை என்று சொல்லமாட்டேன். அதை எதிர்பார்த்து நான் செய்யவில்லை.

சங்கம் என்று ஒன்று இல்லாத காலத்தில், ஊருக்குப் பின்னால் தேவதாருக் காட்டில் முதல் தடத்தை வெட்டியவர்கள் நானும் வெர்ன் ஸ்டூபரும். வெர்ன் அப்போது மரவெட்டி. இப்போது சங்கத் தலைவர். அந்தத் தடத்துக்கு ‘மாமியார்’ என்று நான் பெயர் வைத்தேன். மேலே ஏறி உட்கார்ந்ததிலிருந்து கீழே வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே இருக்கும். பாறை, வேர், செங்குத்தான இறக்கம். அதில் விழுந்து காறை எலும்பு முறியாதவர்கள் பழைய ஆட்களில் குறைவு. அதை நாங்கள் ஆபத்து என்று நினைத்ததில்லை. தகுதி என்றுதான் நினைத்தோம்.

மாமியாரின் மேல் பாதியில், ஓடைப் பள்ளத்தின் குறுக்கே ஒரு மரப்பாலம் இருந்தது. அதை நான் தனியாகக் கட்டினேன். உத்தரங்கள் இரண்டும் வைரம் பாய்ந்த சிவப்பு தேவதாரு. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

டெஸ்ஸா லிண்ட்குவிஸ்ட் ஊருக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. மருத்துவமனையில் நர்ஸ். அவள் வருவதற்கு முன் சங்கம் என்றால் நான், வெர்ன், இன்னும் சில தாடிக்காரர்கள். அவள் வந்தபின் பள்ளி ஆசிரியைகள், மளிகைக்கடைக்காரர், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. எல்லாருக்கும் வெண்ணெய் டார்ட் சுட்டுக் கொண்டுவருவாள். நன்றாகவே உழைத்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் நியாயமாகப் பேசுகிறவன்.

ஒரு வருடம் பொதுக்கூட்டத்தில் அவள் எழுந்து, “மெரில், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மாமியார்ல பாதிப் பேரு சைக்கிளத் தோள்ல தூக்கிட்டுத்தான் எறங்கறாங்க. பாலத்தத் தாண்டினதும் பக்கத்துலயே சுலபமா ஒரு வழி வெட்டினா, கத்துக்கறவங்களும் வரலாம்ல?” என்று கேட்டாள்.

அதற்கு என்ன பெயர் வைப்பது என்று யாரோ கேட்டார்கள்.

“மருமகள்னு வைங்க. எதிர்த்து ஒரு வார்த்த பேசாம, மாமியாரச் சுத்திக்கிட்டுப் போயிடுவா,” என்றாள்.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. வெர்ன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் சிரித்தேன். என்னைத் தவிர எல்லாருமே கை தூக்கினார்கள். ஜனநாயகத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆகவே அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கோடைக்குள் மருமகளில் சனிக்கிழமைகளில் வரிசையில் நின்று இறங்கினார்கள். மாமியாரில் பெரணி முளைத்துவிட்டது. இதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை. கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

சம்பந்தம் இருப்பது ஈரத்துக்குத்தான். டெஸ்ஸாவின் வீடு மலைக்கு மேலே, பழைய ஆலைச் சாலையில் இருக்கிறது. வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மேல்முனையில் தடத்துக்குள் நுழைந்து, என் பாலத்தைக் கடந்து, மருமகள் வழியாக இறங்கிவிடுவாள். ஈர மண்ணில் ஒரு சக்கரம் போனால் வாய்க்கால் விழும். அடுத்த மழையில் அது ஓடையாகும். இதை அவளிடம் பொறுமையாக விளக்கினேன். மருமகளில் தண்ணீர் தானாக வடியும்படி வெட்டியிருப்பதாகச் சொன்னாள். மாமியாரில்தான் குழி விழுகிறது, அங்கேயும் வடிகால் எடுக்கத் தானே வந்து உதவுவதாகவும் சொன்னாள். எனக்கு உதவுவதாக.

வெர்னிடம் முறையிட்டேன். “விடுய்யா மெரில். அந்தப் பொண்ணு வாரம்பூரா நோயாளிங்களத் தூக்கி எறக்கிட்டு வருது. ஒரு தடவ போய்ட்டு வந்தா மலை தேஞ்சிடுமா?” என்றான். அவனோடு எனக்கு முப்பது வருடச் சிநேகம். அதற்காக அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு சங்கம் இப்படித்தான் கெட்டுப்போகும்.

ஆலையில் ஒன்று கவனித்திருக்கிறேன். எவ்வளவு வகுப்பு எடுத்தாலும் காதில் ஏறாத விஷயம், பக்கத்து ஆலையில் ஒருவனுக்குக் கை போய்விட்டது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு எல்லாருக்கும் ஏறிவிடும். ஈரத்தில் ஓட்டுவது ஆபத்து என்று ஊருக்குப் புரிய வேண்டியிருந்தது. அது ஆபத்தாக இல்லாததுதான் சிக்கல்.

புதன்கிழமை மதியம் பாலத்துக்குப் போனேன். வானிலை அறிவிப்பில் மழை சொல்லியிருந்தார்கள். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டேன். பறவைகள் கூடு கட்டியிருக்கும் பருவம் என்பதால் இயந்திர ரம்பம் கொண்டுபோகவில்லை. உத்தரங்கள் இரண்டையும் அடிப்பக்கத்திலிருந்து கை ரம்பத்தால் அறுத்து, ஒரு விரற்கடை மட்டும் விட்டேன். அறுத்த இடத்தில் பாசியும் சேறும் அப்பினேன். பிறகு அடிவாரத்துக்கு இறங்கி, ‘தடம் ஈரம், மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையை நட்டேன். ஒழுங்காக நடப்பவர்களுக்கு எந்தத் தீங்கும் வந்துவிடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். எல்லாரும் அடிவாரத்திலிருந்துதான் ஏறுவார்கள். மேல்முனையில் பலகை வைக்கவில்லை. அங்கே ஒரே ஒருத்திதான் நுழைவாள். ஒரு ஆளுக்காக ஒரு பலகையை வீணாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வியாழக்கிழமை காலை தடத்தைச் சோதிக்கப் போனேன். பாதுகாப்புப் பொறுப்பாளன் என்ற முறையில் அது என் கடமை. ஏறும்போதே அவள் குரல் கேட்டது. ஈரத் தடத்தில் நடந்தாலும் குழி விழும் என்பதால் ஓரமாகப் பெரணிகளுக்குள் புகுந்து நடந்தேன். அதில் நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கத்துவதை நிறுத்தியிருந்தாள். நினைவு இருந்தது. கழுத்தை அசைக்கவிடாமல் பிடித்துக்கொண்டு, என் சட்டையைக் கழற்றி அவளைப் போர்த்தி, மீட்பு ஹெலிகாப்டர் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். முதலுதவி அப்பழுக்கில்லாமல் செய்திருப்பதாக டாக்டரே சொன்னார்.

உடைந்த மரங்கள் ஓடையில் கிடந்தால் யாருக்காவது காலில் குத்தும். அந்தச் சனிக்கிழமையே தொண்டர்களைக் கொண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எரிக்கச் செய்தேன். பலர் அழுதுகொண்டே வேலை செய்தார்கள். அவர்களுக்கு நான் ஆறுதல் சொன்னேன். இலையுதிர்கால விருந்தில் எனக்கு ஆண்டின் சிறந்த தொண்டர் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். வெர்ன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஒரு விஷயத்தை நீங்களே விசாரித்துப் பார்க்கலாம். அன்றிலிருந்து ஈரத்தில் ஒரு ஆள்கூட ஓட்டவில்லை.

டெஸ்ஸாவைக் கெலோனா நகரத்து மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். பார்லி சூப் கொண்டுபோயிருந்தேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, திரும்பி வராது என்றார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பு என் மேலதான் மெரில். ஈரத்துல போயிருக்கக்கூடாது. நீங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தீங்க. மன்னிச்சிடுங்க,” என்றாள்.

மன்னித்தேன். மனதார மன்னித்தேன். அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

காப்பீட்டுக்காரர்கள் ஒரு ஆளை அனுப்பினார்கள். நகரத்துப் பையன், புது ஷூ. கரையில் மிச்சமிருந்த ஒரு கட்டையைத் திருப்புளியால் இரண்டு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, உத்தரம் அழுகி முறிந்திருக்கிறது, கட்டுமானமும் தரக்குறைவு என்று எழுதிக்கொடுத்துவிட்டான். அவன் குத்தியது உத்தரமே இல்லை, கரை சரியாமல் இருக்கப் போட்ட மண்டாங்கி. சொன்னால் யார் கேட்கிறார்கள். அறிக்கையைக் கூட்டத்தில் படித்தபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இனிமேல் தொண்டர்கள் பாலம் கட்ட வேண்டாம், இரும்புப் பாலம் வாங்கிவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். வெர்னும் கை தூக்கினான். வெளியே வந்ததும் என் தோளைத் தட்டி, “நாம ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சுப்பா,” என்றான்.

நேற்று மறுபடியும் டெஸ்ஸாவிடம் போனேன். அவளுக்கும் அறிக்கை தெரிந்திருந்தது. சக்கர நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, என்னைத் தேற்றினாள், கார்ப்பரல். “அதயே நெனச்சு வருத்தப்படாதீங்க. மரம்தானே, அழுகத்தான் செய்யும். யாருக்கும் கை தவறும். உங்க மேல எனக்குக் கோபமே இல்ல,” என்றாள். அறையிலிருந்த நர்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் நேராக இங்கே, உங்கள் போலீஸ் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். அவளுக்கு நடந்ததைப் பற்றி நீங்கள் உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். ஆனால் பாலத்தைப் பற்றி மட்டும் நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அது அழுகவில்லை. ஒரு இடத்தில்கூட. அறுத்து முடிப்பதற்குள் புது ரம்பம் ஒன்று பல் மழுங்கிப்போய், வீட்டுக்கு இறங்கி இன்னொன்று எடுத்துவர வேண்டியிருந்தது. அவ்வளவு நல்ல மரம்.