காதிஸில் ஒரு வேளைச் சாப்பாடு

ஸ்பெயின், காதிஸ் கடற்கரை உணவகம். இருந்தவர்கள்:
விசித்தாசியோன். தாய். அறுபத்திரண்டு வயது, கையில் சிகரெட்.
நொயேலியா. மூத்தவள், காரை ஓட்டி வந்தவள்.
சவுல். இளையவன். வழியெல்லாம் பின் இருக்கையில் முறைத்துக்கொண்டே வந்தவன்.
எவுசேபியோ. விசித்தாசியோனின் கணவர். போன வருடம் சொந்த ஊர் ஹயேனில் புதைத்தாயிற்று. ஆனாலும் பேச்சில் இருந்தார்.

— தின்னு தொலைடா. ஆறிப்போனா மீன் ரப்பர் மாதிரி ஆயிடும்.

— இறங்கலம்மா. இன்னும் ஒரு மணி நேரத்துல நீ அந்தக் கன்னியர் மடத்துக்குள்ள போயிடுவே. போனா அப்புறம் வெளியவே வரமாட்டே. நான் மீன் திங்கணுமா?

— சவுல், ஆரம்பிக்காதே. ஹயேன்லேருந்து இதையேதான் பாடிக்கிட்டு வர்றே.

— நீ பேசாதே நொயேலியா. பெத்தவளைக் கொண்டுபோய் அடைக்கிறதுக்கு வண்டி ஓட்டிட்டு வந்தவ நீ.

— அவ ஓட்டலேன்னா நான் பஸ்ல வந்திருப்பேன். எலுமிச்சையை இப்படித் தள்ளு.

— அம்மா, உனக்கு எப்ப பக்தி வந்துச்சு, சொல்லு பாப்போம்? ஞாயித்துக்கிழமை பூசையில தூங்கி வழிவே. அப்பா முழங்கையால இடிப்பாரு.

— வரும்டா. அங்க வேற என்ன வேலை? மெதுவா வரட்டும்.

— சிகரெட்டு?

— இதோட சரி. நெஞ்சும் சுத்தம், ஆத்துமாவும் சுத்தம்.

— நொயேலியா, இவ சிரிக்கிறா பாரு.

— சிரிக்கட்டும். இவ சிரிச்சு நீ எத்தனை தடவை பாத்திருக்கே?

— அங்க மட்டும் என்னம்மா? அதே சமையல், அதே பாத்திரம்.

— ஆமா. ஆனா உப்பு பத்தலேன்னு யாரும் தட்டைச் சுவத்துல அடிக்க மாட்டாங்க.

— அப்பா கோவக்காரர்தான். யாரு இல்லேன்னது? ...என் பெண்டாட்டி லொரேனாவுக்கு அக்டோபர்ல குழந்தை பொறக்குது. மாசம் ஒரு தடவை மடத்துக் கம்பிக்கு வெளிய நின்னு தூக்கிக் காட்டணுமா?

— காட்டு. கண்ணு நல்லாத்தான் தெரியுது.

— தொட முடியாதும்மா!

— தெரியும். அதை மட்டும் பேசாதே சவுல். பேசினா நான் கார்ல ஏறிடுவேன்.

— அப்ப பேசறேன். பொண்ணு பொறந்தா உன் பேரைத்தான்...

— நிறுத்துடா சவுல்! அவ எந்திரிச்சுட்டா பாரு.

— ஒண்ணுமில்ல நொயேலியா. நான் போய்த் தண்ணியில கால் வெச்சுட்டு வர்றேன். ஷூவைப் பாத்துக்க.

— போம்மா. பாவாடையைத் தூக்கிப் பிடி... கல்யாணமாகி இன்னைக்குத்தான்டா கடலைப் பாக்குறா.

— ஊர்லேருந்து நாலு மணி நேரம்தானே நொயேலியா! அப்பாகிட்ட கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பாரு.

— கேட்டாடா.

— என்ன சொன்னாரு?

— உனக்கு அப்ப ஆறு வயசு. விடு. பில்லைக் கேளு.

— இதோ வந்துட்டா. அம்மா, முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கே!

— உப்புத் தண்ணிதானே, போற வழியிலேயே காஞ்சிடும். நடங்க.

— இதுவா மடத்துக் கதவு? எவ்வளவு சின்னதா இருக்கு, நொயேலியா.

— மணியை அடிச்சுட்டேன். ரெண்டு பேரும் கன்னத்தைக் காட்டுங்க. நொயேலியா, வண்டியை மெதுவா ஓட்டு.

— வாங்க விசித்தாசியோன். பையைக் கொடுங்க.

— ஒரு நிமிஷம் சிஸ்டர். கையை விடமாட்டேங்குறான் என் பிள்ளை.

— அம்மா, பள்ளிக்கூடம் விட்டு எப்ப வந்தாலும் நீ வீட்டுல இருப்பே. ஒரு நாள்கூட இல்லாம இருந்ததில்ல. நம்ம தெருவுல வேற எந்த அம்மா அப்படி இருந்தா, சொல்லு பாப்போம்? இப்ப மட்டும் ஏன் போறே?

— வேற எங்கடா இருப்பேன்? உங்கப்பா எண்ணெய் ஆலைக்குப் போறப்ப வெளிய பூட்டி, சாவியை உன் கழுத்துல மாட்டி அனுப்புவாரு. நீ வந்து திறக்கிற வரைக்கும் நான் உள்ளேதான்.

— ...நொயேலியா?

— எனக்குத் தெரியும் சவுல்.

— வீட்டுக்குக் காவல் நீதான், சாவி உங்கிட்டதான் இருக்கணும்னு சொன்னாரு... நான் அதைப் பெருமையா...

— சின்னப் பையன் மேல என்னடா தப்பு? அழாதே. கையை எடு, கதவு நசுக்கிடும்.

— மறுபடியும் பூட்டுக்குள்ளேயே போறியேம்மா!

— இதுக்குச் சாவி உள்பக்கம்டா. சிஸ்டர், இப்படிக் கொடுங்க. நானே பூட்டுறேன்.