நான் ஒட்டிய கையுறை

இந்தப் பாதுகாப்பு நாள் அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆய்வக இயக்குநர் அவர்களே! கல்லைக் கரைத்து அதன் காலத்தைக் கண்டுசொல்லும் கற்றோரே! குடுவை கழுவிக் கழுவியே கைரேகை தேய்ந்துபோன உழைப்பாளித் தோழர்களே! வேலைக்குப் போன பிள்ளை முழுசாகத் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பஞ்சர் கடைக்காரனின் பணிவான வணக்கம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. வேதியியலில் நான் அறிந்தது டியூப் ஒட்டும் பசை ஒன்றுதான். சிரியுங்கள், பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் நீங்களே நிறுத்திவிடுவீர்கள்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்! இந்தப் பெயர் என் வாயில் நுழைய ஒரு மாதம் ஆனது. என் மகள் விரலில் அது நுழைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பார்த்தால் பச்சைத் தண்ணீர். கண்ணாடியையே தின்னும் என்பதால் பிளாஸ்டிக் புட்டியில்தான் அதற்குக் குடித்தனம். மற்ற அமிலங்களுக்கு மசியாத பாறை இதற்கு மசியும். அப்படிக் கரைந்த பாறைக்குள்தான் இந்த நிலம் பிறந்த காலத்தைத் தேடிக்கொண்டிருந்தாள் என் மகள். சுட்டால் கையை உதறுவோம். நீர்த்த இந்த அமிலம் சுடுமா? சுடாது. வலித்தால் வாய்விட்டு அலறுவோம், வலிக்குமா? உடனே வலிக்காது. தோலைக் கடந்து, சதையைக் கடந்து, எலும்பின் சுண்ணாம்புச் சத்தைப் பிடுங்கும். ரத்தத்தில் உள்ளதையும் பிடுங்கிவிட்டால், இதயமே நின்றுபோகும்.

அவள் வேலை பார்த்த இந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய கையுறையைக் காட்டினால்தான் ஸ்டோரில் புதுசு தருவார்கள். போன வருடம் ஒருநாள் ஸ்டோர் பூட்டியிருந்தது. ஆள்காட்டி விரலில் ஊசித்துளை விழுந்த ரப்பர் கையுறையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். என் கண்ணில் பட்டது. சும்மா இருப்பேனா? தண்ணீரில் முக்கினேன், குமிழி வந்தது. உப்புத்தாளால் தேய்த்தேன், பசை தடவினேன், பட்டை வைத்து அழுத்தினேன்.

“இந்த ஒட்டு மேல லாரியே ஓட்டலாம், பாரு” என்றேன்.

“ஓட்டை விழுந்தா தூக்கிப் போடணும்ப்பா, அதான் அங்க சட்டம்” என்றாள்.

“அப்போ அப்பா வேலைமேல நம்பிக்கை இல்ல, அப்படித்தானே?”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், ஐம்பத்திரண்டு வயதுக் குழந்தை! அவள் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனாள்.

மறுநாள் காற்றடைத்துப் பார்த்திருக்கிறாள். கசியவில்லை. ஐயா, என் ஒட்டு காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்கும். பட்டையின் விளிம்பில் அமிலம் ஊறியதை அவளும் அறியவில்லை, அவள் விரலும் அறியவில்லை. மாலையில் வீட்டில் விரலைப் பிடித்துக்கொண்டு, “என்னமோ குத்துதுப்பா” என்றாள். எழுதி எழுதி வந்த வலி, எண்ணெய் தடவு என்றேன். அந்த எண்ணெயில் போனது மூன்று மணி நேரம்! மருத்துவர்கள் கால்சியம் ஏற்றினார்கள். இதயம் பிழைத்தது. அந்த விரலும் பக்கத்து விரலுமாக இரண்டு விரல்கள் பிழைக்கவில்லை.

மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே தோழியிடம் சொல்லி, என் ஒட்டு யார் கண்ணிலும் படாதபடி அந்தக் கையுறையை நச்சுக் கழிவில் சேர்த்துவிட்டாள். விசாரணைக்கு இடது கையால் எழுதிக் கொடுத்தாள்: “சோதிக்காமல் அணிந்தேன். என் கவனக்குறைவு.” அதன் பிறகு ஆய்வறைக்குள் அவளுக்கு அனுமதி இல்லை. ஓராண்டாகக் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஓராண்டாக ஒளிந்துகொண்டிருந்த கோழை யார்? இதோ, அடிபட்ட பிள்ளையின் அப்பா என்று நீங்கள் போட்ட மாலையோடு உங்கள் முன் நிற்கிறேன்!

உட்காரும்மா. தலையை ஆட்டாதே. இன்னைக்கு ஒரு நாள் அப்பா பேசி முடிச்சிடறேன்.

இயக்குநர் அவர்களே! அவள் சோதித்தாள். விதியைச் சொன்னாள். கெஞ்சிக் கெடுத்தவன் நான். அந்தக் கோப்பைத் திருத்துங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அந்த அறைக் கதவை அவளுக்குத் திறந்துவிடுங்கள். தோழர்களே! துளி பட்டால் வலிக்குக் காத்திராதீர்கள்; தண்ணீருக்கு ஓடுங்கள், கால்சியம் களிம்புக்கு ஓடுங்கள், மருத்துவரிடம் ஓடுங்கள்! ஓட்டை விழுந்த கையுறை எந்த அப்பன் கண்ணிலும் படக்கூடாது, அறைக்குள்ளேயே நறுக்கிவிடுங்கள். அதற்காக என் கடைக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்திருக்கிறேன். அந்தக் கதவோரம் மாட்டி வையுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் பத்து விரல்களையும் கூப்பி நன்றி சொல்கிறேன். மூன்றாம் வரிசையில் இருக்கும் எட்டு விரல்களிடம் மன்னிப்புக் கேட்டு விடைபெறுகிறேன். வணக்கம்.