நடுவுல ஒரு கடல்தான்

இல்லம்மா, நீ சரியாக் கேட்டிருக்க மாட்ட. பைலட் வேற என்னமோ சொல்லியிருப்பாரு. முன்னூத்தம்பது கிலோமீட்டர்தானா? ஐம்பது நிமிஷத்துல இறங்கிடுவோமா? உன் ஃபோன்லயும் அப்படித்தான் போட்டிருக்கா? எங்க, காட்டு. ம்ம். ஆமா.

எங்க கிளினிக்ல ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை பண்ணவே அதுக்கு மேல ஆகும்மா. பல் டாக்டர்கிட்டதான் வேலை பாக்குறேன், வர்றவங்களுக்கு டோக்கன் கொடுத்து உக்கார வைக்கிறது. டாக்டரம்மாதான் இந்த டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தாங்க. ஒரே ஃப்ளைட், நேராப் போயிடலாம்னாங்க. நான்தான் நம்பல. இல்ல மேடம், நடுவுல மாறணும், நல்லாப் பாருங்கன்னு திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

பயமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. இந்த பெல்ட்டுதான் மாட்டத் தெரியல. நீ இல்லன்னா திருதிருன்னு முழிச்சிட்டு உக்காந்திருப்பேன்.

நாம இப்ப இறங்கப் போற ஊர்லதான் என் வீட்டுக்காரருக்கு வேலை. லிஃப்ட் ரிப்பேர் பண்றது. பத்துப் பன்னெண்டு வருஷமாச்சு. மூணு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. ரெண்டு ஃப்ளைட் மாறணுமாம், நடுவுல ஏதோ ஒரு ஊர்ல ராத்திரி பூரா நாற்காலியில உக்காந்திருக்கணுமாம். லீவுல பாதி வழியிலேயே கழிஞ்சுடுதும்பாரு. அதனால திரும்பக் கிளம்பும்போது ரெண்டு வேளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்புவேன். வந்தா மொத நாள் முழுக்கத் தூக்கம்தான். வெந்நி வச்சுக் காலுக்கு ஊத்துவேன். குக்கர் விசில் அடிச்சா முழிச்சுக்குவாருன்னு அன்னிக்கு மட்டும் சட்டியிலதான் சமையல். பக்கத்து வீட்டுக்காரி கேலி பண்ணுவா, என்னடி, உன் வீட்டுக்காரரு ஃப்ளைட்ல வந்தாரா, இல்ல ஃப்ளைட்டைத் தள்ளிட்டு வந்தாரான்னு. நானும் சிரிச்சிருக்கேன்.

ஒருதடவை மேப்புல பாத்தேம்மா. நடுவுல இத்தனூண்டு கடல். என்னங்க இது, ஒரு விரக்கடைகூட இல்லயேன்னு கேட்டேன். மேப்புல எல்லாம் அப்படித்தாண்டி தெரியும், நேராப் போக வழி கிடையாதுன்னாரு. சரி, நானும் ஒருதடவை வரேனேன்னு பாஸ்போர்ட்கூட எடுத்து வச்சேன், உன் உடம்பு தாங்காது, காது அடைச்சுக்கும்னுட்டாரு.

சந்தேகமா? எதுக்கும்மா? கட்டினவரு தூரம்னா தூரம்தானே. நான் என்ன ஸ்கேல் வச்சா அளக்கப் போறேன்?

இல்ல, கூட்டிட்டுப் போக அவரு வரமாட்டாரு.

இன்னிக்குக் காலையில நான் வேலைக்குக் கிளம்பிட்டிருக்கேன், அவர் நம்பர்லேர்ந்து ஃபோன். எடுத்தா ஒரு பொண்ணு. அண்ணி, அவர் ஃபோன்ல அக்கான்னு போட்டிருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்னா. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒருதடவைகூட உங்களை வந்து பாக்கல அண்ணி, எப்பக் கேட்டாலும் அக்கா வீடு ரொம்பத் தூரம்னுடுவாருன்னு ஒரே அழுகை. விடியக்காலம் நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுடுச்சாம். உங்க தம்பி போயிட்டாரு அண்ணி, நீங்க வந்து முகம் பாத்தப்புறம்தான் எடுக்கணும்னு வச்சிருக்கோம்னா.

எனக்குத் தம்பியே கிடையாதும்மா. எங்க வீட்ல நான் ஒரே பொண்ணு.

அழாத, ஏதாவது கொஞ்சம் வாயில போடு, இதோ கிளம்பி வர்றேன்னு சொல்லிட்டு வச்சேன்.