கூடாரத்துப் பொத்தான்

— செருப்பைக் கழட்டிட்டு வாசல்லயே நின்னா எப்படிடா? உள்ள வா.

— இல்லம்மா... இங்கயே நிக்கிறேன். அவன் அப்பா வந்துட்டார்னா...

— வரமாட்டார். தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கார். பொழுது சாய்ஞ்சுதான் வருவார்.

— போனதடவை அவர் கை பட்ட கன்னம் இன்னும் எரியுதும்மா.

— தெரியும். உன் ஷெட்டு வாசல்ல, அத்தனை பேர் பார்க்க அடிச்சேன்னு வந்து சொன்னார். நான் ஒண்ணும் பேசல.

— நீங்க என்ன பேசுவீங்க? பிள்ளையைப் பறிகொடுத்தவர், அடிச்சார். பிரேக் பிடிக்காத வண்டியை சர்வீஸ் பண்ணி அனுப்பினவனுக்கு மாலையா போடுவாங்க?

— ...உள்ள வா, ஸ்பேனர்.

— அந்தப் பேர் சொல்லாதீங்கம்மா. அது அவன் வச்ச பேரு.

— அதான் சொல்றேன். அவன் வச்ச பேரைச் சொல்ல இந்த வீட்டுல நான் ஒருத்திதான் மிச்சம். வா, அவன் ரூமுக்கு.

— ...எதையுமே மாத்தலையா? அந்த சட்டைகூட ஆணியிலயே...

— மாத்தி? யாருக்கு இடம் பண்றது? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. ஷெட்டைப் பூட்டிட்டியாமே?

— ம்.

— எங்க போற?

— சித்தப்பா மகன் ஒருத்தன் லாரி பட்டறை வச்சிருக்கான். இங்கேர்ந்து ரொம்ப தூரம். அங்க என்னை யாருக்கும் தெரியாது.

— அவ்வளவு மோசமாவாடா ஆயிடுச்சு?

— "அவன்கிட்ட விட்டா வண்டிதான் திரும்பி வரும், ஆள் வராது"ன்னு பேர் எடுத்தவன்கிட்ட யாரும்மா வண்டி விடுவா? போன வாரம் ஒரு பெரியவர் காத்தடிக்க வந்தார். பக்கத்துக் கடைக்காரன் காதுல என்னவோ ஊதினான். மனுஷன் காத்தில்லாத வண்டியைத் தள்ளிக்கிட்டே போயிட்டார்.

— காத்தடிக்கக்கூடவா...

— சிரிக்கிறீங்களா?

— சிரிக்கலடா. எனக்கு சிரிச்சாலும் அழுதாலும் இப்போ மூஞ்சி ஒரே மாதிரிதான் இருக்கு. சரி, அந்தப் பலகை மேல மூடியிருக்கிற போர்வையை எடு.

— ...வேணாம்மா.

— எடுன்னா எடு. கிளம்புறதுக்கு முன்னாடி இந்த ஆட்டத்தை முடிச்சுட்டுப் போ.

— என்ன ஆட்டம்?

— தெரியாத மாதிரி கேளு. ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு, "ஒழிஞ்சதுடா உன் படை"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவீங்களே, அந்த ஆட்டம்.

— அது... பாதியில நின்ன ஆட்டம்மா. அதை எதுக்கு இப்போ...

— பாதியில நின்னதாலதான். அப்படியே வச்சிருக்கேன் பாரு. பெருக்கும்போதுகூட பலகைகிட்ட துடைப்பத்தைக் கொண்டு போனதில்ல.

— ...ஆமா. அப்படியேதான் இருக்கு. ஆறு, பாலம், காடு... எல்லாம் அவன் கையால வரைஞ்சது. அந்தக் காட்டுக்கு மட்டும் ஒரு வாரம் பெயின்ட் அடிச்சான்.

— இந்த ஏழு பொத்தானும் என் தையல் பெட்டியில இருந்து போனது. ஒரு கோட்டுக்குப் பொத்தான் இல்லாம நான் முழிச்ச முழி இருக்கே... "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்மா"ன்னான் படுபாவி.

— அந்த எலிக்குப் பக்கத்துலதான் நானும் உக்காந்திருந்தேன். என்னோட ஏழும் நட்டு. ஷெட்டுல இருந்து கொண்டு வந்தது. எலின்னா பங்காளி இல்லாமலா?

— சொல்லு, எப்படி ஆடுறது?

— உங்களுக்கு எதுக்கும்மா...

— சொல்லுடா.

— ஏழு பொத்தான்னா ஏழு படை. ஒவ்வொரு படைக்கும் அடியில ஒரு அட்டை கவுத்து வைக்கணும். அம்புன்னா முன்னேறு. கேடயம்னா இருந்த இடத்துல நில்லு. அடுத்தவன் என்ன வச்சிருக்கான்னு தெரியாது. ரெண்டு பேரும் வச்சு முடிச்சதும் ஒரே நேரத்துல திருப்பணும். அப்போதான் எவன் மாட்டினான்னு தெரியும்.

— டப்பாவுல மூணாவதா ஒரு அட்டை இருக்கே?

— அது வெள்ளைக்கொடி. ஆட்டத்தை விட்டுட்டேன்னு அர்த்தம். அதை யாரும் எடுக்கிறதில்ல. சும்மா கிடக்கும்.

— ம். கடைசியா ஆடினப்போ அட்டை வச்சீங்களா?

— வச்சுட்டோம். திருப்பப் போற நேரத்துல கரண்ட் போயிடுச்சு. "விடுடா, அடுத்த வாரம் திருப்பிக்கலாம்"னான். அடுத்த வாரம்...

— அடுத்த வாரம் இறக்கத்துல போய்ச் சுவர்ல மோதினான். அவன் எப்படிடா ஆடுவான்?

— ஆமை! எடுத்த எடுப்புல ஒரு அடி முன்னாடி வைக்கமாட்டான். பாலத்துக்கு ஒருத்தன், காட்டுக்கு ஒருத்தன்னு நிறுத்திட்டு, கன்னத்துல கை வச்சு உக்காந்துருவான். "தூங்கிட்டியாடா"ன்னு கேப்பேன். "படை தூங்குது, தளபதி முழிச்சிருக்கான்"பான்.

— நீ?

— நமக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஏழையும் ஒண்ணா அவிழ்த்து விட்டுருவேன். வந்தா மலை, போனா ம... மன்னிச்சுக்கங்கம்மா.

— நான் கேக்காத வார்த்தையா? இந்தக் கறுப்புப் பொத்தான் ஏன் தனியா ஓரத்துல இருக்கு?

— அது கூடாரம்மா. அவன் வீடு. எத்தனையோ ஆட்டம் ஆடியிருக்கோம், அது ஒரு தடவைகூட நகர்ந்ததில்ல. "ஏன்டா ஒரு படையை வீணா உக்கார வச்சிருக்கே, அதையும் அனுப்பினா ஜெயிப்பியே"ம்பேன். "சண்டைக்குப் போனவன் திரும்பி வரும்போது விளக்குப் போட வீட்டுல ஒரு ஆள் வேணும்டா"ம்பான்.

— விளக்குப் போட...

— அதனாலயே தோப்பான். தோத்துட்டு சிரிப்பான்.

— எவ்வளவு நேரமானாலும் நான் லைட்டை அணைக்காம உக்காந்திருப்பேன்டா. "ஏம்மா தூங்கல"ன்னு கத்துவான். அது அவனுக்குப் பிடிக்கலன்னுல்ல நெனச்சேன்...

— அழாதீங்கம்மா.

— அழல. ஒண்ணு கேக்கறேன். வேலையை விட்டு நிறுத்தினாங்களே, அதுக்கப்புறம் அவன் சரியா சாப்பிடல. என்கிட்ட பேச்சைக் குறைச்சுட்டான். உன்கிட்ட ஏதாவது சொன்னானா?

— என்ன சொல்ல? நல்லாத்தாம்மா இருந்தான். "அடுத்த வாரம் உன்னைப் பொளந்து கட்டுறேன் பாரு"ன்னான்.

— அப்படியா சொன்னான்?

— சத்தியமா.

— யார் மேல?

— ...திருப்பலாமா? அட்டையைத் திருப்பிப் பார்த்துடலாம்மா. நீங்களே பாருங்க.

— இவ்வளவு நேரம் வேணாம்னவன், இப்போ என்னடா பறக்கிறே?

— இல்ல, நீங்கதானே முடிக்கணும்னீங்க... இந்தாங்க, பாலத்துப் பொத்தான்ல ஆரம்பிங்க.

— இரு... அம்பு.

— பார்த்தீங்களா! அடுத்தது?

— அம்பு.

— காட்டுல ஒளிச்சு வச்சிருந்த ரெண்டு?

— அம்பு. இதுவும் அம்பு.

— பார்த்தீங்களாம்மா! என் இடது பக்கம் காலி, அங்க நேரா இறங்குறான். பாலத்தை வேற மறிச்சுட்டான். ஐயோ, ஒரே திருப்புல என் கதை முடிஞ்சிருக்கும். இப்படியெல்லாம் யோசிச்சு வச்சவன் ஆட்டத்தை விட்டுட்டுப் போவானா?

— அவன் ஆட்டத்தை விட்டுட்டுப் போனான்னு நான் சொல்லவே இல்லையேடா.

— ...இல்ல, நான் பொதுவா... ஊர்ல நாலு பேர் நாலு விதமா...

— ஊர்ல எல்லாரும் ஒரே விதமாத்தான் பேசுறாங்க. பிரேக் பிடிக்கல, மெக்கானிக் சரியில்லன்னு. இந்த ரெண்டும் அம்பு. ஆறு ஆச்சு. கறுப்புப் பொத்தான்தான் பாக்கி.

— அது வேணாம்மா. அது... அது எப்பவும் கேடயம்தான். பார்க்கவே வேணாம்.

— பார்த்துடறேனே.

— அம்மா, வேணாம்...

— அம்பு. கூடாரத்துல இருந்தவனுமா கிளம்பிட்டான்?

— ஒரு மாறுதலுக்கு... நான்தானே சொல்லிக்கிட்டே இருப்பேன், அதையும் அனுப்புடான்னு... அதனால...

— வீட்டுல விளக்குப் போட ஆள் வேணாமா? டேய். இது அவன் ஆட்டம் இல்லடா. உன் ஆட்டம்.

— அம்மா...

— ஏழையும் அவிழ்த்து விடுறவன் நீ. எப்போ மாத்தினே?

— ...அவனை நடுவீட்டுல கிடத்தியிருந்தப்போ. எல்லாரும் அங்க அழுதுக்கிட்டிருந்தாங்க. நான் இங்க வந்து உக்காந்தேன். அவசரத்துல, டப்பாவுல கிடைச்ச அம்பையெல்லாம் எடுத்து...

— கூடாரத்துக்கும் வச்சுட்டே.

— தோணலம்மா.

— அதுக்கு முன்னாடி அடியில என்ன இருந்துச்சு?

— கேடயம்.

— ஏழும்?

— ஏழும் கேடயம்தாம்மா. ஆமையாச்சே.

— கேடயம் இருந்திருந்தா நீ ஏன்டா மாத்தணும்? உன் பொய்யும் உன் ஆட்டம் மாதிரியேதான் இருக்கு. எல்லாத்தையும் முன்னாடி அனுப்பிடுறே, வீட்டைக் காக்க ஒண்ணை நிறுத்தத் தெரியல. உனக்குப் பொய் வராதுடா, விட்டுடு. அன்னிக்கு அவனைக் கொண்டு வர்றதுக்கு முன்னாடியே நான் இந்த ரூமுக்கு வந்துட்டேன்.

— நீங்க... பார்த்தீங்களா?

— விஷயம் வந்ததும் காலு தானா இங்க வந்துச்சு. படுக்கையை மடிச்சு வச்சிருந்தான். ஒரு நாளும் மடிக்காதவன். பலகையைப் பார்த்தேன். எனக்கு ஆட்டம் தெரியாதுன்னா நெனச்சே? எத்தனை ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் தைச்சுக்கிட்டே உங்க கத்தலைக் கேட்டிருக்கேன். ஒண்ணொண்ணா திருப்பினேன். எல்லாம் வெள்ளை. கறுப்புப் பொத்தானுக்கு அடியிலயும் வெள்ளை.

— அம்மா...

— நான் கூடாரத்துல இருக்கேன்கிறதுகூட அவனுக்குப் போதலடா.

— அப்படிச் சொல்லாதீங்கம்மா.

— வேற எப்படிச் சொல்ல? இருந்த மாதிரியே கவுத்து வச்சுட்டு வெளிய வந்தேன். "எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு"ன்னு மொய்ச்சுட்டாங்க. அவனை ஒரு வார்த்தை ஒருத்தரும் சொல்லிடக்கூடாதுன்னு, "வண்டியில பிரேக் பிடிக்கலன்னு காலையிலயே சொன்னான்"னேன். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அந்த வண்டியை சர்வீஸ் பண்ணினது நீன்னு அந்த நிமிஷம் தோணல. தோணினப்புறமும் வாயைத் திறக்கல. உன் பொழைப்புல மண்ணை அள்ளிப் போட்டவ நான்தான்டா.

— நீங்க சொன்னீங்கன்னு அன்னிக்கே கேள்விப்பட்டேம்மா. சொன்னா சொல்லிட்டுப் போறீங்க. நீங்க அதை நம்பித்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். அந்த நம்பிக்கையாவது இருக்கட்டும்னுதான் அட்டையை...

— மாத்தினே. புரியுது. ஆனா மோதின வண்டியை உன் ஷெட்டுலதான் கொண்டு வந்து போட்டாங்க. மறுநாள் காலையில அவர் அதைப் பார்க்க வந்தாரே...

— ம்.

— வீட்டுக்கு வந்து, "பிரேக் ஒயர் அறுந்து தொங்குதுடி, என் கையால பிடிச்சுப் பார்த்தேன்"னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதார். எனக்கு அப்போ போன உயிர் திரும்பி வந்துச்சுடா. நான் பொய்னு நெனச்சு சொன்னது நிஜமாப் போச்சு! அட்டை விளையாட்டுக்கு வச்சதா இருக்கும், தோத்துடுவோம்னு விட்டுக் கொடுத்திருப்பான், வண்டி நிஜமாவே நிக்காமத்தான் போயிருக்கும். அவன் பிரேக்கைப் பிடிச்சிருப்பான். நிறுத்தணும்னு பார்த்திருப்பான். வீட்டுக்கு வரணும்னு...

— தண்ணி கொண்டு வரட்டுமாம்மா?

— உக்காரு. அந்த ஒத்தை ஒயரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளும் உயிரோட இருக்கேன். நீ இனிமே திரும்பி வரமாட்டே. போறதுக்கு முன்னாடி உன் வாயால அதை ஒரு தடவை கேக்கணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன். உன் தப்புதான்னு சொல்லிடு. நான் திட்டமாட்டேன், சாபம் விடமாட்டேன், உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவேன். அந்த ஒயர் பழசுதானேடா? தானா அறுந்ததுதானே?

— ஆமாம்மா... பழசுதான். அழாதீங்க, என் தப்புதாம்மா, ரொம்பப் பழசு... மோதின வண்டி ஷெட்டுக்கு வந்த ராத்திரி, கட்டிங் பிளேயரை வச்சு ஒரு அமுக்குத்தான் அமுக்கினேன், பட்டுன்னு வந்துடுச்சு.