படகின் வலப்பக்கம் எது என்று கேட்ட ரங்கம்மாள்

முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! கோட்டைத் தெருவிலிருந்து இந்த வெயிலில் நடந்து வந்திருக்கும் மார்கரெட் அம்மையே! நம் சபையைச் சேராதவராக இருந்தும், துக்கம் கேட்டவுடன் படகேறி வந்துவிட்ட எதிர்க்கரை ஊர்ப் பெரியவர் தாமோதரன் அவர்களே! தாயை இழந்து நிற்கும் லட்சுமியே! சபையாரே! அனைவருக்கும் வணக்கம்.

நான் பூபதி. இந்தக் கூரைக்கடியில் பதினெட்டு வருஷமாக வேதம் வாசிக்கிறவன். தரங்கம்பாடியில் அச்சடித்த புஸ்தகம் நம் ஊருக்கு வந்தபோது, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் நான் வாசித்தேன், நீங்கள் கேட்டீர்கள். ஆனால், கேட்க வேண்டிய விதத்தில் கேட்டது யார்? ஒரே ஒருவர். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் பிடித்துப் பிழைத்த ரங்கம்மாள் அம்மையார்!

ஞானஸ்நானத்தின்போது அவருக்கு சாராள் என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவரைத்தான் திரும்பிப் பார்ப்பார். அதனால் ரங்கம்மாளாகவே இருந்தார். ரங்கம்மாளாகவே நேற்று அடக்கம் பண்ணினோம்.

இன்று நான் அவரைப் புகழ வேண்டுமானால், முதலில் என் தவறைச் சொல்லியாக வேண்டும். உங்களில் பலருக்கு அது தெரியும். தாமோதரன் அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, மூன்று வாரம் வலையில் ஒன்றும் விழவில்லை. பிள்ளைகள் கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்தது, மீன் அகப்படாமல் களைத்துப்போன சீஷர்களிடம், வலப்பக்கம் வலை போடச் சொன்ன ஆண்டவரின் கதை. வாசித்தேன், நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? இல்லையே! "இது இன்றைக்கு நமக்குச் சொன்னது! வலப்பக்கம் போங்கள்!" என்று கத்திவிட்டேன்.

நம் கரையிலிருந்து வலப்பக்கம் என்ன இருக்கிறது? முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடம். அங்கே வலை போட ஊருக்கு ஊர் முறை உண்டு. அதைப் பாடு என்கிறோம். அந்த வாரம் பாடு எதிர்க்கரை ஊருக்கு. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆண்டவரே சொன்ன பிறகு பாடு என்ன, முறை என்ன என்று நினைத்துவிட்டேன்.

திங்கள்கிழமை விடிந்ததும் ஆறு படகுகள் போயின. முதல் படகில் புஸ்தகத்தோடு நான். எதிரே தாமோதரன் அவர்களின் படகுகள் வந்தன. "யாரு பாட்டுல யாரு வலைய வுடறது?" என்று அவர்கள் கேட்டார்கள். "கர்த்தர் சொன்னாரு!" என்று நம் ஆட்கள் கத்தினார்கள். இரண்டு பக்கமும் படகு தள்ளும் கழிகள் உயர்ந்தன. முதல் அடி விழ வேண்டியதுதான் பாக்கி.

ஆழமில்லாத இடம் அது. பக்கத்தில் இறால் தடவிக்கொண்டிருந்த ரங்கம்மாள், கழுத்தில் கூடை தொங்க, இரண்டு ஊர்ப் படகுகளுக்கும் நடுவே நடந்து வந்து நின்றார். என்னைத்தான் பார்த்தார்.

"அண்ணே, புஸ்தகம் கீதா? அந்த எடத்த இன்னொரு தபா படி."

படித்தேன்.

"வலப்பக்கம்னா எதுக்கு வலப்பக்கம்? கரைக்கா, படகுக்கா? இன்னா போட்டிருக்கு?"

பார்த்தேன். படகுக்கு வலப்புறம் என்றுதான் இருந்தது! எத்தனை முறை வாசித்திருப்பேன்! கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. "படகுக்குன்னுதான் போட்டிருக்கு" என்றேன்.

"படகுக்குன்னு சொல்லு! அப்போ படக திருப்பினா வலப்பக்கமும் சேந்து திரும்புமே! நம்ம எடத்துலயே நின்னு போட வேண்டியதுதான? இங்க வரச் சொல்லி எங்க போட்டிருக்கு?"

எதிர்ப் படகில் யாரோ சிரித்துவிட்டார்கள். ரங்கம்மாள் சிரிக்கவில்லை.

"அத யாருக்குச் சொன்னாரு?"

"சீஷருக்கு."

"எத்தினி பேரு?"

"ஏழு பேர்."

"அந்த ஏழு பேருக்கு அன்னிக்குச் சொன்னாரு. அடுத்தவன் பொருளுக்கு ஆசப்படாதேனு போன மாசம் படிச்சியே, அது யாருக்கு? எல்லாருக்கும்னு நீதான சொன்ன? எல்லாருக்கும் சொன்னத வுட்டுட்டு, ஏழு பேருக்குச் சொன்னத புட்சிக்கினு அடிச்சிக்க வந்தியா?"

சபையாரே, நான் புஸ்தகத்தை மூடினேன். கழிகள் ஒவ்வொன்றாக இறங்கின. நாங்கள் திரும்பினோம். அன்று எங்களுக்கு மீன் கிடைத்ததா? இல்லை. இன்னும் பத்து நாள் பட்டினிதான். ஆனால் ஒருவன் மண்டையும் உடையவில்லை. ஒரு பெண்ணும் விதவையாகவில்லை!

அன்று மாலையே புஸ்தகத்தை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். "இனிமே நான் படிக்கல ரங்கம்மா. எனக்குத் தகுதி இல்ல" என்றேன்.

"நீ படிக்காம போனா நாங்க எதக் கேக்கறது? எட்த்துக்கினு போ. சனிக்கெழம வா. நீ படி, நான் கேள்வி கேக்கறேன். அப்பால ஞாயித்துக்கெழம ஊருக்குப் படி" என்றார்.

ஒன்பது வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். நான் ஒரு வசனம் படித்தால், முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கேட்பார். நடந்ததைச் சொல்கிறதா, நம்மைச் செய்யச் சொல்கிறதா என்று கேட்பார். விளங்காத இடம் வந்தால், "விளங்குற எடத்துல இதப்பத்தி இன்னா சொல்லிக்கீது, தேடு" என்பார். ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் என்னைக் கோட்டைத் தெருவுக்குத் துரத்துவார். மார்கரெட் அம்மை தம் தாய்மொழியான ஒல்லாந்து மொழி வேதப் புஸ்தகத்தைத் திறந்து ஒப்பிட்டுச் சொல்வார். ஒருநாளில் மூன்று முறை என் தலையைக் கண்டு அந்த அம்மை கதவைச் சாத்தியதும் உண்டு!

"நீங்கள் பூமிக்கு உப்பு" என்று ஆண்டவர் சொன்ன இடத்தை நான் ருசி என்று விளக்கினேன். "உப்பில்லாட்டி மீனு அழுகிப்பூடும், அதச் சொல்லு" என்றார். மறு வாரம் அவரே கூப்பிட்டு, "அண்ணே, நம்ம ஊரு உப்ப வெச்சிச் சொல்லிட்டேன். ஆண்டவரு ஊர்ல உப்ப எதுக்கு வெச்சிருந்தாங்கன்னு கேட்டியா?" என்றார். புஸ்தகத்தில் போய்ப் பார்த்தேன். அந்த இடத்திலேயே ருசியைப் பற்றியும் பேச்சு இருந்தது. "அப்போ நீ சொன்னதும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டார். தம்மிடமும் அதே கண்டிப்பு! நம்மில் எத்தனை பேருக்கு அது உண்டு?

போன வியாழக்கிழமை மத்தியானம், காய்ச்சலில் கிடந்தவரைப் பார்க்கப் போனேன். ஆறுதல் சொல்ல வேண்டும் என்று, ஓர் அதிகாரியின் மகன் காய்ச்சலிலிருந்து பிழைத்த இடத்தைப் படித்தேன். கண்ணைத் திறந்தார்.

"அந்தப் புள்ள பொழைக்கும்னு யாருகிட்ட சொன்னாரு?"

"அந்த அதிகாரிகிட்ட."

"அப்போ நான் பொழைப்பேன்னு அத வெச்சிச் சொல்லாத. எனக்கும் சேத்துச் சொன்னது எதுனா இருந்தா படி."

ஏடுகளைப் புரட்டினேன். தம்மை நம்புகிறவர் எவரானாலும் இறந்தாலும் பிழைப்பார் என்று ஆண்டவர் சொன்ன இடத்தைப் படித்தேன்.

"இது யாருக்கு?"

"தம்பியப் பறிகொடுத்த ஒரு பொம்பளகிட்ட சொன்னாரு. ஆனா அவளுக்கு மட்டும் இல்ல ரங்கம்மா. யாரானாலும்னு போட்டிருக்கு."

"முன்னாடி பின்னாடி பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்போ சரி" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சபையாரே! அழுதுவிட்டுக் கலைந்து போகவா இங்கே கூடினோம்? இல்லை. இன்னும் ஒன்றைச் சொல்லாமல் நான் உட்கார முடியாது. ஐந்து வருஷத்துக்கு முன் அவர் என்னிடம், "எனக்கும் எழுத்து சொல்லிக் குடு" என்று கேட்டார். "இந்த வயசுல எதுக்கு? நான்தான் இருக்கேனே" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு நான் செய்ததில்லை.

ஆகவே இந்தச் சபை முன் வாக்குக் கொடுக்கிறேன். இறால் பிடித்துத் திரும்பும் பெண்களுக்கு, நாளை முதல் இந்தக் கூரையடியில் எழுத்துச் சொல்லித் தருவேன். யார் வந்தாலும் வரட்டும். எதிர்க்கரையிலிருந்து வந்தாலும் வரட்டும். நான் தப்பாகப் படித்தால், புஸ்தகத்தைப் பார்த்தே என்னைத் திருத்தும் பெண்கள் இந்த ஊரில் இருக்க வேண்டும். என் காலத்திலேயே இருக்க வேண்டும்!

விரலால் எழுதிப் பழக, காலையில் மணலைப் பரப்பிச் சமன் செய்து வைக்கிறேன். லட்சுமி, நீ முதலில் வா அம்மா. உன் தாயாரின் பெயரை எழுதித் தொடங்குவோம்.